ஒரு டின் காத்திருப்பு

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றில் இயங்கும் நிறுவனம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காத்திருப்பை நேரடியாக விற்கிறது. இடையில் மொத்த வியாபாரியோ கடைக்காரரோ கிடையாது. பனி நாடுகளில் இருப்பவர்கள் இணையத்தில் படிவம் நிரப்பினால் இங்கிருந்து டின் போகும். யாரும் யாரையும் எதிர்பார்க்காத வீடு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகள் வடக்கே ஏராளம். டின்னைத் திறந்து வாசல் பக்கம் வைத்தால் போதும். சாயங்காலம் விளக்குப் போடத் தோன்றும். ஒரு கோப்பையைக் கூடுதலாகக் கழுவி வைக்கத் தோன்றும்.

கிட்டங்கிக்குள் பன்னிரண்டு கதவுகளை நட்டு வைத்திருக்கிறார்கள். சுவர் கிடையாது, நிலையும் கதவும் மட்டும். ஒவ்வொரு கதவின் முன்னாலும் ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அவர்கள் கதவைப் பார்த்துக் காத்திருப்பார்கள். யாரும் வருவதில்லை. வந்தால் சரக்கு கெட்டுவிடும். ஐந்து மணிக்கு ஒவ்வொருவர் மடியிலும் எலுமிச்சம்பழ அளவுக்குக் காத்திருப்பு சேர்ந்திருக்கும், ஈர மணல் நிறத்தில். நாற்பது நாள் சேர்த்தால் ஒரு டின் நிரம்பும்.

சலேத் மேரி எட்டு வருடமாக அங்கே வேலை செய்கிறாள். அவளை வேலைக்கு எடுத்த கதை கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் இறந்தபோது மகள் ஜோஸ்லின் வெளியூரில் நர்ஸ் படிப்பின் கடைசிப் பரீட்சையில் இருந்தாள். பிள்ளை வந்து முகம் பார்க்கட்டும் என்று சலேத் அடக்கத்தை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தாள். பங்குச் சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பூவெல்லாம் வாடியது. அவள் தெருமுனையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துக்கத்துக்கு வந்திருந்த, கம்பெனியை நடத்துகிற மச்சாது முதலாளி அந்த மூன்று மணி நேரத்தை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு சரக்கை நான் கண்டதில்லை என்று அவர் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஜோஸ்லின் வந்தது மறுநாள் காலையில். ஆள் மாற்றி ஆள் சொல்லி, சேதியே அவளுக்குத் தாமதமாகத்தான் போயிருக்கிறது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தவளைச் சலேத் வாசலில் நின்று தடுத்தாள். "அப்பன மண்ணுக்குள்ள வச்சாச்சி. இனி இங்க ஒனக்கு என்ன சோலி? இந்தப் படி ஏறாத." ஜோஸ்லின் ஏறவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பிப் போனாள். அதன்பின் ஒன்பது வருடமாக ஒரு கடிதமில்லை, ஒரு போன் இல்லை. சொன்ன வாயைச் சலேத் எத்தனையோ தடவை சபித்திருக்கிறாள். சொன்னது சொன்னபடி படியிலேயே கிடந்தது. அவள் காத்திருந்தாள்.

இந்த இடத்தில் விதிமுறையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நுகர்வோருக்கு நேரடியாக விற்கிறவர்கள் அந்தந்த நாட்டு விதிப்படிதான் நடக்க வேண்டும். அதற்கென்றே கம்பெனியில் பெர்க்மான்ஸ் என்று ஒருவன் இருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் சிரிப்பதற்கு முன்னால்கூட எந்த உட்பிரிவில் சிரிக்கலாம் என்று யோசிக்கிற ஆள். முதல் விதி, லேபிளில் எழுதியிருப்பதுதான் டின்னுக்குள் இருக்க வேண்டும். லேபிளில் 'எவருக்கும் உரியதல்லாத தூய காத்திருப்பு' என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆகவே பெண்கள் சொந்தக் காத்திருப்போடு உள்ளே வரக்கூடாது. புருஷன் கப்பலிலிருந்து வர வேண்டும், மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அவரவருக்கு இருப்பதைக் காலையிலேயே எடுத்து, சோற்றுப் பாத்திரம் வைக்கும் அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். மாலையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

மற்றவர்கள் கைக்குட்டையில் முடிந்து வைப்பார்கள். சலேத்துடையது கைக்குட்டையில் அடங்கவில்லை. ஒடுங்கிப்போன டின்களை வீட்டுக்கு எடுத்துப்போகிற வழக்கம் அங்கே உண்டு. சிலர் அதில் இட்லிகூடக் கொண்டுவருவார்கள். சலேத் அப்படி ஒரு டின்னில்தான் தன் காத்திருப்பை வைத்திருந்தாள். டிசம்பரில் வடக்கே பகல் சுருங்கி, ஆர்டர் குவிகிற வாரத்தில், ஒரு டின் குறைந்தது. பெர்க்மான்ஸ் அலமாரியைத் திறந்தான். கம்பெனி டின் ஒன்று இருந்தது. எடை போட்டான், சரியாக இருந்தது. லேபிள் ஒட்டி அனுப்பிவிட்டான்.

அன்று மாலை சலேத் அலமாரியில் கைவிட்டுத் துழாவியபோது சோற்றுப் பாத்திரம் மட்டும் தட்டுப்பட்டது. அவள் வீட்டுக்கு நடந்தாள். நடை லேசாக இருந்தது. வழக்கமாகத் தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள், அன்று பார்க்கவில்லை. இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள். ஒன்பது வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. காலையில் எழுந்து முகம் கழுவும்போதுதான் நடந்தது என்னவென்று யோசித்துப் பார்த்துப் புரிந்துகொண்டாள். தனக்காகக் காத்திருக்க உலகத்தில் ஒருத்தியும் இல்லாத பிள்ளையாகி விட்டாள் ஜோஸ்லின். அது பயங்கரமான விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் தெருவைப் பார்க்கத் தோன்றவில்லை. அதை நினைத்துத்தான் அழுதாள்.

"திருப்பிக் கேக்க முடியாதா தம்பி?" என்று பெர்க்மான்ஸிடம் கேட்டாள்.

அவன் விதிமுறைக் கோப்பைப் புரட்டினான். அவன் முகம் வெளிறியிருந்தது. தப்பு தன்னுடையது என்று தெரியும். "வித்தவங்க திருப்பிக் கேக்க வழியே இல்லக்கா. வாங்கினவங்களுக்குத்தான் உரிமை. கையில கெடச்சி பதினாலு நாளுக்குள்ள அவங்களாத் திருப்பி அனுப்பினா உண்டு. நாம வேண்டிக் கேட்டு எழுதலாம். வற்புறுத்தக் கூடாது."

வாங்கியது ஹில்டூர் என்ற எழுபது வயது அம்மாள். வடக்குத் தீவொன்றில் தனியாக இருக்கிறவர். பெர்க்மான்ஸ் அந்த ஊர்ப் பாஷையில், வற்புறுத்தாத தொனியில், எழுதினான். பதில் மரியாதையாக வந்தது. பொருள் விளம்பரத்தில் சொன்னதைவிடப் பல மடங்கு உயர்ந்த தரத்தில் இருப்பதாகவும், டின்னைத் திறந்த அன்றே தான் சன்னல் திரையைக் கழற்றிவிட்டதாகவும், இதைத் திருப்பித் தரும் எண்ணம் இல்லை என்றும் எழுதியிருந்தார். சொன்னதைவிட மட்டமாக இருந்தால்தான் குற்றம். உசத்தியாக இருந்தால் விதிமுறை ஒன்றும் சொல்வதில்லை.

டின் அவர் கைக்குப் போன ஒன்பதாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. 'பொருள் சொன்னபடி வேலை செய்கிறது. இன்று ஜோஸ்லின் வந்து சேர்ந்தாள். படகுத்துறையிலிருந்து நடந்தே வந்தாளாம். எங்கே போகிறோம் என்று தெரியாதாம். யாரோ தனக்காகக் காத்திருப்பது தெரிந்ததால் வந்தாளாம். சூப் கொடுத்தேன். தூங்குகிறாள். திருப்தியான வாடிக்கையாளர், ஹில்டூர்.'

பெர்க்மான்ஸ் அதை மொழிபெயர்த்துப் படித்தபோது சலேத் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், சூப் குடித்திருக்கிறாள், தூங்குகிறாள். மூன்றும் நல்ல சேதி. அவள் அந்தக் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தில் மகள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பதினாலு நாள் கடந்தது. டின் சட்டப்படி ஹில்டூருடையதாயிற்று.

யோசனை சொன்னது மச்சாது முதலாளி. வியாபாரி மூளை. "இங்கேருந்து பாத்தா அந்தம்மா வெளிநாட்டுக்காரி. அங்கேருந்து பாத்தா சலேத்துதானல வெளிநாட்டுக்காரி? அவங்க பிள்ளைய விக்கட்டும், இவ வாங்கட்டும். எல்லா உரிமையும் இவ பக்கம் வந்துரும்லா." பெர்க்மான்ஸ் அன்று முழுவதும் கோப்பைப் பார்த்துவிட்டு, தடையில்லை என்று சொன்னான். ஒரு வீட்டில் வந்து சேர்ந்தவர் அந்த வீட்டுச் சரக்கு. விலைக் கட்டத்தில் ஹில்டூர் ஒன்றும் எழுதவில்லை. விலை எழுதாத பொருளுக்கு விலை கேட்கக்கூடாது என்பது விதி.

சனவரி இரண்டாம் வாரம், காலை பதினொரு மணிக்குச் சலேத் வீட்டு வாசலுக்குக் கூரியர் வண்டி வந்தது. சலேத் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பெட்டிமேல் ஒட்டியிருந்த தகவல் தாள் தமிழில் இருந்தது. வாங்குகிறவர் மொழியில்தான் தர வேண்டும் என்பதால் ஹில்டூர் அம்மாள் தமிழ் கற்றுக்கொண்டு எழுதியிருந்தார். 'பொருள்: மகள். வயது முப்பத்தொன்று. நேராக நிறுத்தி வைக்கவும். காலையில் எழுந்ததும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். குழம்பில் புளி குறைத்து ஊற்றவும்.' சலேத் அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டாள். அவள் அறிந்த ஜோஸ்லினுக்குப் புளி தூக்கலாக வேண்டும்.

ஜோஸ்லின் பெட்டியிலிருந்து இறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டு, படிக்கு முன்னால் நின்றாள். தலையில் இரண்டு மூன்று நரை விழுந்திருந்தது.

"ஏறலாமா?" என்று கேட்டாள்.

"ஏறும்மா."

ஏறினாள். சலேத் மகள் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். காத்திருப்பு போனால் பாசமும் கூடவே போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போகாது. பாசம் இருந்த இடத்திலேயே இருந்தது, வற்றாமல் இருந்தது. ஆனால் எதிர்பார்க்காதவளுக்கு வருகை என்பது வெறும் சேதி. ஒன்பது வருடமாக உடையக் காத்திருந்த ஏதோ ஒன்று அந்த நேரத்தில் உடைந்திருக்க வேண்டும். அது வேறு வீட்டில் இருந்தது.

சலேத் பாரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள், புளி குறைத்து. ஜோஸ்லின் சாப்பிட்டுவிட்டு, "நன்றிம்மா, நல்லா இருந்துச்சி" என்றாள். அந்த வீட்டில் சோற்றுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. சின்ன வயதில் 'நீ, வா, போ' என்று தாயைக் கூப்பிட்டுத் திரிந்தவள் இப்போது 'நீங்க' என்றாள். தட்டைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். சலேத்துக்கு நெஞ்சு வலித்தது.

ஐந்தாம் நாள் ஜோஸ்லின் முட்டை வாங்கக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து சலேத், "யாரது?" என்று கேட்டாள்.

"நாந்தாம்மா."

"ஓ, நீயா."

எட்டாம் நாள் ஜோஸ்லின் கோயிலுக்குப் போய்வருவதற்குள் சலேத் மத்தியானச் சோற்றைத் தின்று, பானையைக் கவிழ்த்து, கதவைத் தாழ் போட்டுத் தூங்கிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஒருத்தி வர வேண்டியிருக்கிறது என்பது மனசில் நிற்கவே மாட்டேன் என்கிறது. விழித்துக் கதவைத் திறந்தபோது ஜோஸ்லின் வெயிலில், படியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராத மாதிரி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று சலேத் கேட்கவில்லை. நிழல் இருந்த இடத்தைப் பார்த்தே தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் இருவரும் கருவாட்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்லின் தானாகப் பேசினாள்.

"அங்க நான் ரொட்டி வாங்கப் போனாக்கூட அந்த அம்மா சன்னல்ல வந்து நிப்பாங்க. பத்து நிமிசந்தான். நான் திரும்பி வந்ததும் ஒண்ணும் பேச மாட்டாங்க. உள்ள போயி அடுப்பப் பத்தவைப்பாங்க."

"அது என்னோடதுட்டி" என்றாள் சலேத். "ஏங்கிட்ட இருந்துதான் போச்சி."

"தெரியும்மா. கதவத் தொறந்ததுமே தெரிஞ்சிட்டு. ஒங்க வாசன."

"பெறகு இத்தன வருசமா இங்க ஏன் வரல? அது இங்கதான இருந்துச்சி."

ஜோஸ்லின் ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "தெரியாமலா இருந்துச்சி. எந்த ஊர்ல இருந்தாலும் தெரியும். நாலு தரம் கெளம்பி வந்துருக்கேன். ஒரு தரம் இந்தத் தெருமுன வரைக்கும் வந்தேன். இங்க படி இருக்கும்மா. அங்க கெடையாது. கதவத் தொறந்தா தரதான்."

சலேத் தன் வீட்டுப் படியைப் பார்த்தாள். சிமெண்டுப் படி, ஒரு சாண் உயரம். ஒரு சொல்லைப் போட்டதால் இவ்வளவு உயரமாகிப் போயிருக்கிறது. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தாள். வாய்வரை வந்தது. ஒன்பது வருடக் காத்திருப்போடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சொல் அது. அது இல்லாமல் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி காலை மிதித்துவிட்டுச் சொல்கிற மாதிரிதான் இருக்கும். விழுங்கிவிட்டாள்.

மறுநாள் பெர்க்மான்ஸிடம், டின்னை அந்த அம்மாவே பிரியப்பட்டுத் திருப்பித் தந்தால் வாங்கலாமா என்று விசாரித்தாள். அது அன்பளிப்பாகிவிடும், விற்ற நிறுவனத்து ஆட்கள் வாடிக்கையாளரிடம் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்றான். அதோடு அது போனால் அந்த வீடு குளிர்ந்துவிடும், அந்த அம்மாளுக்கு எழுபது வயது என்றும் சொன்னான். அது கோப்பில் இல்லாத விஷயம், தானாகவே சொன்னான்.

பதினாலாம் நாள் காலை சலேத் திருப்பி அனுப்பும் படிவத்தை வாங்கி வந்தாள். பெயர், முகவரி, பொருள் கிடைத்த தேதி. காரணம் என்ற கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், நுகர்வோர் விரும்பினால் மட்டும் எழுதலாம் என்றிருந்தது. சலேத் பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வெகுநேரம் வைத்திருந்தாள். வெளியே போனவள் திரும்பி வரும்போது எழுந்து நிற்க இந்த வீட்டில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஜோஸ்லின் படிவத்தைப் படித்தாள். "சரிம்மா" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சலேத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வந்த பெட்டியிலேயே அனுப்ப வேண்டும். ஜோஸ்லின் தானே உள்ளே போய், முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். சலேத் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய போர்வையை மடித்து வைத்தாள். "டேப்ப நல்லா இறுக்கி ஒட்டுங்கம்மா, அங்க மழ" என்று உள்ளேயிருந்து சொன்னாள் ஜோஸ்லின். பெர்க்மான்ஸ் எடை போட்டு, லேபிளை எடுத்தான். விற்பவர் பெயர் ஹில்டூர். திருப்பி அனுப்புகிறவர் பெயர் சலேத் மேரி. அதற்குக் கீழே தயாரிப்பாளர் என்று ஒரு வரி காலியாக இருந்தது. எல்லை தாண்டும் பொருளில் அது இல்லாமல் இருக்கக்கூடாது.

பெர்க்மான்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். சலேத் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள், வீட்டு எண்ணோடு.

மார்ச் மாதம் தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் வந்தது. சலேத் அதைக் கிட்டங்கி வாசலில் நின்று படித்தாள். ஹில்டூர் அம்மாளின் தமிழ் இப்போது நன்றாகத் தேறியிருந்தது.

'தயாரிப்பாளர் அவர்களுக்கு. பொருள் நலமாக இருக்கிறது. எடை கூடியிருக்கிறது. துறைமுக மருத்துவமனையில் வேலைக்குப் போகிறாள். ஒரே ஒரு விஷயம். விடிகிற நேரத்தில், தூக்கத்தில், "வந்துட்டேம்மா, வந்துட்டேம்மா" என்கிறாள். மூச்சு வாங்குகிறது, ஓடிவந்தவள் மாதிரி. நான் போய்த் தலையைத் தடவினாலும் நிற்பதில்லை. வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பவள் வந்துவிட்டேன் என்று சொல்வது பழுதா, அல்லது இந்தப் பொருளின் இயல்பா? தெரியப்படுத்தவும். அவசரமில்லை.'

பதிலுக்கான அட்டை கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. சலேத் அதைச் சுவரில் வைத்து எழுதினாள். 'பழுதுதான். அங்கே நேர்ந்ததல்ல. தயாரிப்பாளர் கையால் நேர்ந்தது. பொறுப்பு என்னுடையது.'

பெர்க்மான்ஸ் படித்துவிட்டுக் கோப்பைத் திறந்தான். அப்படிப் பொறுப்பேற்றால் நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தர வேண்டும், செலவும் சிரமமும் நுகர்வோர் தலையில் விழக்கூடாது என்றிருந்தது. சலேத் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பெரிய பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஜோஸ்லினைப்போல அவளுக்கு முழங்கால் லேசாக மடங்கவில்லை, பெர்க்மான்ஸ் கைகொடுத்தான். மச்சாது முதலாளி வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

"சுங்கத்துக்கு உள்ள என்ன இருக்குன்னு எழுதணும்க்கா."

"பழுது பாக்க ஆள்னு எழுது."

"ஆள்னு எழுதினா அனுப்ப மாட்டாங்க. உதிரிப்பாகம்னு போடுதேன்."

"போடு" என்றாள் சலேத்.

அவன் அப்படியே எழுதி, எடையைக் குறித்துக்கொண்டு, மூடியைச் சாத்தினான்.